பால் வண்டியில் மஞ்சள் ஸ்பானர் விளக்கு: ஆயில் மாற்றிய பிறகும் ஏன் எரிகிறது?

12 ஜூன் 2023, இரவு

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் தோட்டம். 2021 மாடல், பிஎஸ் 6 (புகை மாசு விதி) டீசல் பிக்கப். காலையும் மாலையும் பால் கேன், பகலில் தேங்காய், எப்போதாவது தீவன மூட்டை. இன்று காலை 43,900 கிலோமீட்டரில் டேஷ்போர்டில் மஞ்சள் நிற ஸ்பானர் எரிய ஆரம்பித்தது. சர்வீஸ் நினைவூட்டல் என்று கையேடு சொல்கிறது.

மே 15ஆம் தேதிதான், 41,200இல், டவுனில் ஒரு பட்டறையில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். இன்னும் மூவாயிரம்கூட ஓடவில்லை. அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் கரிச்சட்டி நிறத்தில் இருக்கிறது. பழைய ஆயிலை அப்படியே விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள் என்பது என் கட்சி. நாளைக் காலை போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் யாருக்காவது வேறு விளக்கம் தோன்றினால் சொல்லுங்கள்.

13 ஜூன் 2023, காலை 6.10

பால் இறக்கிவிட்டு வந்து பார்த்தேன். பதில் எழுதிய பதினோரு பேரில் ஒன்பது பேர் என்னைத்தான் திட்டியிருக்கிறார்கள். சரி.

டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய இரண்டு மூன்று நாளிலேயே கறுத்துவிடும், கரியைப் பிடித்து மிதக்க வைப்பதுதான் அந்த ஆயிலின் வேலை, நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்கிறார் பெருந்துறைக்காரர். ஒப்புக்கொள்கிறேன். பெட்ரோல் பைக்கில் பார்த்த பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஆனால் விளக்கு ஏன் எரிகிறது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை.

13 ஜூன் 2023, பகல்

பட்டறைக்குப் போகவில்லை. போவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்தேன். ஆயில் ஃபில்டர் புதிது. அதன் மேல் வெள்ளை மார்க்கரில் 15/5 என்று எழுதியிருக்கிறது. அடி போல்ட்டில் செம்பு வாஷர் பளபளக்கிறது. போதாததற்கு, சன் வைசரைக் கீழே இழுத்தால் அதன் பின்புறம் ஒரு சீட்டு: 'ஆயில் 41,200. அடுத்து 51,200.' பழனி முருகன் படத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்ததால் ஒரு மாதமாக என் கண்ணில் படவில்லை.

ஆக, ஆயிலை மாற்றியிருக்கிறார்கள். விளக்கின் கணக்கை மட்டும் பூஜ்ஜியம் ஆக்க மறந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய சர்வீஸ் 33,900இல் நடந்தது. 33,900உடன் பத்தாயிரத்தைக் கூட்டினால் 43,900. விளக்கு தன் கணக்குப்படி ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகாமல் வந்திருக்கிறது. நேற்று சட்டையைப் பிடிப்பது பற்றி எழுதிய வரியை அழிக்கவில்லை. இருக்கட்டும், என் முட்டாள்தனத்துக்கு ஒரு சாட்சி வேண்டும்.

13 ஜூன் 2023, இரவு

கணக்கைப் பூஜ்ஜியம் ஆக்கும் முயற்சிகள், நடந்த வரிசையில்.

ஒன்று. எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக் (கிணற்று மோட்டார்தான்) பேட்டரி வயரைக் கழற்றி அரை மணி நேரம் விட்டால் எல்லாம் மறந்துவிடும் என்றார். விட்டோம். பாட்டுப் பெட்டியின் கடிகாரம் மறந்தது, வைத்திருந்த ஸ்டேஷன்கள் மறந்தன. ஸ்பானர் மறக்கவில்லை. பின்னால் யோசித்தால் ஓடிய கிலோமீட்டரும் அழியவில்லையே. மின்சாரம் போனாலும் நிற்கும் நினைவகத்தில்தான் அதையும் இதையும் எழுதி வைத்திருப்பார்கள். முன்னாலேயே யோசித்திருக்கலாம்.

இரண்டு. வண்டி ஓட்டும் பையன் எங்கள் பங்காளி மகன், என்னைப் பெரியப்பா என்பான். சாவியை ஆன் நிலையில் வைத்து, எஞ்சினைக் கிளப்பாமல், ஐந்து நொடிக்குள் ஆக்ஸிலரேட்டரை மூன்று முறை முழுக்க மிதிக்க வேண்டும் என்று வீடியோ பார்த்துவிட்டு வந்தான். மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தால் அது அமெரிக்காவில் ஓடும் ஷெவர்லே சில்வராடோ. எங்கள் வண்டிக்கும் அதற்கும் நான்கு சக்கரம்தான் ஒற்றுமை.

மூன்று. டல்லாஸில் இருக்கும் அக்கா மகனிடம் பேசினேன். அவனிடம் டொயோட்டா டகோமா பிக்கப். அதில் 4,500 மைலில் விளக்கு முதலில் மினுக்கும், 5,000 மைல் ஆனதும் அணையாமல் நின்று எரியுமாம். நம் கணக்கில் 5,000 மைல் என்பது சுமார் 8,000 கிலோமீட்டர். திரையில் மொத்தக் கிலோமீட்டர் தெரியும்படி வைத்து, சாவியை அணைத்து, ட்ரிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சாவியை மறுபடி ஆன் நிலைக்குத் திருப்பி, சில நொடி விடாமல் பிடிக்க வேண்டும். திரையில் பூஜ்ஜியங்கள் வந்தால் முடிந்தது என்றான். "மாமா, திரையில் எந்த எண் நிற்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் கையேட்டைப் படியுங்கள்" என்றும் சொன்னான். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ட்ரிப் எண் திரையில் நிற்கும்போதே அழுத்திவிட்டேன். ஸ்பானர் எரிந்துகொண்டே இருந்தது. மைலேஜ் பார்க்க ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த ட்ரிப் கணக்கு மட்டும் 0.0 ஆனது.

தூங்கப் போகிறேன்.

14 ஜூன் 2023

அணைந்தது. 44,150இல்.

கையேட்டில் கொட்டை எழுத்திலேயே இருக்கிறது. என் வண்டிக்கும் டகோமா வழிதான்: மொத்தக் கிலோமீட்டர் திரையில், சாவி அணைப்பு, பொத்தானைப் பிடித்தபடி ஆன், ஸ்பானர் மூன்று முறை சிமிட்டி அணையும் வரை கையை எடுக்கக் கூடாது. மொத்தம் பதினைந்து நொடி வேலை. வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்யாதீர்கள். புது வண்டிகள் பலவற்றில் பொத்தானே கிடையாது, திரை மெனுவுக்குள் போய் அழிக்க வேண்டும். கையேட்டைத் தேடுங்கள். எங்கள் கையேடு பீரோவுக்குள் பத்திர நகல்களோடு கிடந்தது.

16 ஜூன் 2023

ஈரோட்டு நண்பர் கணக்கில் புலி. மஞ்சள் மண்டிக் கணக்குப் பார்ப்பவராம். அவர் கேட்டது: "ஆயில் மாற்றியது 41,200இல். நீங்கள் விளக்கைப் பூஜ்ஜியம் ஆக்கியது 44,150இல். இனி விளக்கு 54,150இல்தான் வரும். ஆயில் மாற்ற வேண்டியதோ 51,200இல். நடுவில் உள்ள 2,950 கிலோமீட்டரை யார் கணக்கில் எழுதுவது?"

அடடா. வெற்றி முழக்கமெல்லாம் போட்டுவிட்டு இதைக் கவனிக்கவில்லை. விளக்கைப் பின்தேதியிட்டு வைக்க வழியில்லை. இன்று முதல் ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டியாகிவிட்டது. முருகனுக்குப் பின்னால் அல்ல.

அப்படியானால் விளக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கறுப்பு டேப் ஒட்டிவிடச் சொல்கிறார்கள்.

17 ஜூன் 2023

டேப் பேச்சுக்கு நூறு சிரிப்புக் குறிகள் வந்திருக்கின்றன. சிரித்துவிட்டு இதையும் படியுங்கள், ஏனென்றால் இரண்டு பேர் தனிச் செய்தியில் தங்கள் வண்டியில் எரியும் விளக்கையும் இதே மாதிரி அணைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அனுப்பிய படத்தில் எரிவது சிவப்பு ஆயில் குவளை. ஐயா, அது ஆயில் அழுத்தம் இல்லை என்கிற விளக்கு. ஓரம் கட்டி எஞ்சினை உடனே அணைக்க வேண்டியது. அதற்குப் பொத்தான் தேடிக்கொண்டிருந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இன்னொருவருடையது மஞ்சள் எஞ்சின் படம். அது கோளாறு ஒன்று பதிவாகியிருக்கிறது என்பதற்கானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு ஊசி சாக்கெட்டில் கருவியைச் செருகி எண்ணைப் படிக்க வேண்டும். சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் கவனி. ஸ்பானர் ஒன்றுதான் வெறும் நாள்காட்டி.

நம் ஆட்கள் டேஷ்போர்டைச் சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டி (பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் பெட்டி) மாதிரி பார்க்கிறார்கள். பெட்டியில் மண் வைத்தால் ஒரு பொருள், தண்ணீர் வைத்தால் ஒரு பொருள் என்று ஊரே கூடிப் பேசும். ஸ்பானருக்கு அத்தனை பொருள் கிடையாது. அதற்கு ஆயிலைத் தெரியாது, பட்டறையைத் தெரியாது, என்னையும் தெரியாது. கிலோமீட்டரை மட்டும் எண்ணத் தெரியும்.

19 ஜூன் 2023

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா வண்டிக்கும் அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று கோவையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் இறுதியிலேயே எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எந்த வெப்பத்தில் சுற்றியது என்பதை வைத்து ஆயிலின் ஆயுளைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டதாம். அதிலும் ஆயிலைத் தொட்டுப் பார்க்கும் கருவி இல்லை, கணிப்புத்தான். சரி, என் வண்டியின் ஸ்பானருக்கு மட்டும் கிலோமீட்டரைத் தவிர ஒன்றும் தெரியாது என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

2 ஆகஸ்ட் 2023

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். நல்ல செய்தியோடு அல்ல.

48,800. ஆயில் மாற்றி 7,600 ஆகிறது. அட்டைப்படி இன்னும் 2,400 பாக்கி, விளக்குப்படி 5,350 பாக்கி. காலையில் சும்மா குச்சியை உருவினேன். மேல் கோட்டுக்கும் மேலே, கட்டை விரல் நகம் அளவு ஏறியிருக்கிறது. ஆயில் குறைந்து பார்த்திருக்கிறேன், கூடிப் பார்த்ததில்லை. சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தேன். அதே அளவு. மோந்து பார்த்தால் டீசல் வாடை. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் வழவழப்பே இல்லை, கழனித் தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

கட்டுத்தரையில் பசு தானாகச் சினையானது போல ஆயில் தானாகப் பெருகுகிறது என்று பையனிடம் சொன்னேன். அவன் பயந்துவிட்டான்.

2 ஆகஸ்ட் 2023, மாலை

அதே பட்டறைக்குத்தான் போனேன், மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. விளக்கம் இது.

பிஎஸ் 6 வந்த பிறகு (2020 ஏப்ரல் 1 முதல்) டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வைக்கிறார்கள். டி.பி.எஃப் என்பது அதுதான். கரி நிறைந்தால் அதை உள்ளேயே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, என் வண்டி மாதிரியானவற்றில், எஞ்சின் தன் வேலை முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, எரியாமல் புகையோடு அனுப்புகிறது. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து அடியில் உள்ள ஆயிலோடு சேர்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியில் கரி ஒரே மூச்சில் எரிந்து முடிந்துவிடும். கலந்த டீசலும் சூட்டில் பெருமளவு ஆவியாகிப் போகும். பால் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எரிக்க ஆரம்பிக்கும், அடுத்த தோட்டத்துச் சாளை வந்துவிடும், நின்றுவிடும். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி கேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் கீழே இறங்கும்.

ஆயிலை உடனே மாற்றினோம். சாம்பல் குறைவாக விடும் வகை ஆயில்தான் இந்த வண்டிகளுக்கு ஊற்ற வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டேன். கரியை எரிக்கலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டியை நிரந்தரமாக அடைக்கும். இந்த முறை பட்டறையில் நின்று, என் கையாலேயே பொத்தானைப் பிடித்துப் பூஜ்ஜியம் ஆக்கினேன். 48,800. அட்டையும் விளக்கும் முதல் முறையாக ஒரே எண்ணில் நிற்கின்றன.

5 ஆகஸ்ட் 2023

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் நான்கே வரி எழுதியிருக்கிறார். இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியானது அதுதான். அவர்களிடம் போர்வெல் லாரி ஓடுகிறது. லாரி ஒரே இடத்தில் நிற்கும், கம்ப்ரசர் எஞ்சின் விடிய விடிய ஓடும். கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றினால் எஞ்சின் என்றைக்கோ போயிருக்கும், நாங்கள் மணிக்கணக்குத்தான் பார்ப்போம் என்கிறார்.

எனக்கு உறைத்தது. எங்கள் டிராக்டருக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறோம். மீட்டரே மணியில்தான் ஓடுகிறது. அதே கட்டுத்தரையில் நிற்கும் பிக்கப்புக்கு மட்டும் ஏன் கிலோமீட்டர்? நேற்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தேன். பால் சுற்று 38 கிலோமீட்டர், பதினான்கு நிறுத்தம். பாலை அளக்கும்போது பையன் எஞ்சினை அணைப்பதில்லை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி. பகல் நடையும் சேர்த்து ஒரு நாளைக்கு 95 கிலோமீட்டர், நான்கரை மணி நேர எஞ்சின் ஓட்டம்.

அப்படியானால் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட 105 நாள். 105 நாளில் எஞ்சின் ஓடுவது 470 மணிக்கு மேல். இதே பத்தாயிரத்தைச் சேலம் நெடுஞ்சாலையில் அறுபது வேகத்தில் ஓட்டினால் 167 மணிதான். இரண்டு வண்டிக்கும் ஸ்பானர் அதே பத்தாயிரத்தில்தான் எரியும். ஒன்று கால் நீட்டிப் படுத்திருந்த எஞ்சின், இன்னொன்று செக்கு மாடு.

இனி என் வண்டிக்கு 6,000த்தில் ஆயில். கணக்குப்படி 284 மணி வருகிறது. 250க்கு மேல்தான், தெரியும். ஆயில் விலையும் தெரியும். நிற்கும்போது எஞ்சினை அணை என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராபுரம் வரை நிற்காமல் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருகிறேன், கரி எரியட்டும் என்று. வீட்டில் இதை நம்பவில்லை. எரிவது கரியா பரோட்டாவா என்று கேட்கிறார்கள்.

5 அக்டோபர் 2023

54,900. ஆயில் மாற்றினேன், பூஜ்ஜியம் ஆக்கினேன். குச்சியில் அளவு மேல் கோட்டைத் தாண்டவில்லை. டீசல் வாடை இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைவு.

24 அக்டோபர் 2023

நேற்று ஆயுத பூஜை. வண்டிக்குப் பொட்டு, மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சை எல்லாம் ஆயிற்று. பையன் டேஷ்போர்டுக் கண்ணாடியிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருக்கிறான். எங்கள் அப்பாரு காலத்தில் மாட்டு வண்டி அச்சு கத்தினால் வண்டி மை போடுவார்கள், அவ்வளவுதான் நினைவூட்டல். விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, மாலை போட்ட வண்டியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

9 டிசம்பர் 2023

நேற்று 61,000இல் ஆயில். குறித்து வைக்கிறேன். அட்டையில் எழுதியாயிற்று.

ஒருவர் கேட்டிருந்தார்: 6,000த்திலேயே மாற்றிவிட்டால் விளக்கு எரிவதே இல்லையே, அப்புறம் பூஜ்ஜியம் ஆக்குவானேன்? அவசியம் இல்லைதான். விளக்கு இருப்பதையே மறந்துவிட்டேன். ஆண்டுக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டது.

24 ஜனவரி 2024

நாளை தைப்பூசம். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் கேன் ஏற்ற வேண்டும் என்று வண்டியைக் கழுவினோம். 65,500.

உள்ளே துடைக்கும்போது டேஷ்போர்டுக் கண்ணாடியில் சந்தனம் எட்டணா அளவுக்குத் தடித்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே புதுப்பித்திருக்கிறான். ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், அடியில் ஸ்பானர் எரிகிறது. டிசம்பரில் அட்டையில் எழுதினேனே ஒழிய, பூஜ்ஜியம் ஆக்கவில்லை. 54,900உடன் பத்தாயிரம், 64,900. போன வாரமே வந்திருக்கிறது.

அது போகட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள். புனல் மாதிரி ஒரு படம், கீழே சொட்டு. டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது நாள்காட்டி அல்ல. தண்ணீர் உள்ளே போனால் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்துத் தேயும். அவற்றின் விலைக்கு ஒரு நல்ல காங்கேயம் மயிலைப் பசு வாங்கலாம்.

பையனைக் கூப்பிட்டேன்.

"இது எத்தனை நாளாக எரிகிறது?"

"எந்தது, பெரியப்பா?"

"இரண்டும்தான்."

"ஒரு வாரமாகப் பொட்டுக்கு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. நீங்கள்தானே அந்த மஞ்சளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னீர்கள்?"

சொன்னேன். ஜூன் 17ஆம் தேதிக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன். 'மஞ்சள் என்றால் கவனி' என்பதும் அதே குறிப்பில்தான் இருக்கிறது, ஆனால் அதை அவனிடம் சொன்னதாக நினைவில்லை.

24 ஜனவரி 2024, இரவு

ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடித்தேன். அரை டம்ளர் தண்ணீர், மேலே டீசல் ஏடு. கார்த்திகை மழையில் டிராக்டர் கொட்டகைக்கு வெளியே நின்ற கேனிலிருந்து ஒரு நாள் அவசரத்துக்கு ஊற்றியது நான்தான். திருகை இறுக்கி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றியதும் இரண்டாவது விளக்கு அணைந்தது. ஸ்பானரைப் பொத்தான் பிடித்து அணைத்தேன். ஆயிலுக்கு இன்னும் 1,500 பாக்கி. அட்டை 67,000 என்கிறது, விளக்கு 75,500 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

சந்தனப் பொட்டைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது என்றேன். வீட்டில் முகம் வாடியது. இப்போது சன் வைசரில், முருகன் படத்துக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.